வாசற்படியில் ஒரு நாய்

காலையில் யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பஸ் என்னை இறக்கிவிடும் சந்தியில் ஒரு தேநீர்க்கடை இருக்கிறது. அதற்கு அடுத்த காணியில் கள்ளுத் தவறணை. இரண்டுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலி. வேலியில் ஓர் ஆளின் கை போய்வரக்கூடிய ஒரு பொட்டு. தவறணையில் இருப்பவர்களுக்கு வேண்டிய பொரியலும் அவியலும் அந்தப் பொட்டுக்குள்ளால்தான் போகும். காசும் அதற்குள்ளால்தான் வரும். பதினொரு வருடங்களாக நான் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து தேநீர் குடித்து வருகிறேன். அந்தப் பக்கம் போனதில்லை. ஆனால் அந்தப் பக்கத்துக் கதைகளில் பாதி எனக்குத் தெரியும்.

கடைக்குப் பின்னால் தொண்டைமானாறு. பெயர்தான் ஆறு; உண்மையில் கடல்நீரேரி. கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றிச் செல்வதற்காக வெட்டுவித்த கால்வாய் இது என்று ஊரில் செவிவழிக் கதை உண்டு. இப்போது கடல்வாயில் தடுப்பணை நிற்கிறது. மாரியில் கதவைத் திறந்து வெள்ளத்தைக் கடலுக்கு விடுவதும், கோடையில் உப்புநீர் உள்ளே வராமல் தடுப்பதும் அதன் வேலை. யானையிறவு நீரேரியில் சேரும் மழைநீரை முள்ளியான் கால்வாய் வழியாக இந்த ஏரிக்குக் கொண்டுவந்து, யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு கொடுக்கலாம் என்று பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் திட்டம் தந்தார். எத்தனையோ அரசாங்கங்கள் வந்து போய்விட்டன. மாணவர்களுக்குச் சுற்றாடல் பாடத்தில் இதைச் சொல்லும்போது, "சேர், அந்த ஆறு எப்ப வரும்?" என்று கேட்பார்கள். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொல்வேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடையைப் பற்றிச் சொல்ல முடியாது. காலையில் பிட்டும் சம்பலும். பத்து மணிக்குப் பிறகு அடுப்பு தவறணைக்காக எரியத் தொடங்கும். மிளகாய்த்தூள் பிரட்டிய கணவாய், வறுத்த இறால், சின்ன மீன் பொரியல், அவித்த மரவள்ளிக்கிழங்கு, கடலை. சனிக்கிழமைகளில் ஒடியற்கூழ். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவை முதலிலேயே தண்ணீரில் ஊறவிட்டு, அதன் காறலைப் போக்கி எடுத்து வைப்பார்கள். பெரிய பானையில் மீன்தலை, நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளித் துண்டு எல்லாம் வெந்த பிறகுதான் ஒடியல் மாவும் புளிக்கரைசலும் அரைத்த செத்தல் மிளகாயும் சேரும். பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில் ஊற்றிக் கையில் தருவார்கள். ஓலையின் மணமும் கூழின் உறைப்பும் சேரும்போது மூக்கால் நீர் வடியும். நண்டு விஷயத்தில் எங்கள் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதால் எனக்கு மட்டும் நண்டுக்காலை ஒதுக்கி ஊற்றுவார் கடைக்கார அண்ணை. நான் கேட்டு அவர் இதைச் செய்யவில்லை. ஒருநாள் நான் அதை ஒதுக்கி வைத்ததைப் பார்த்தவர், மறுவாரத்திலிருந்து தானாகவே செய்கிறார்.

இன்னொன்றும் எனக்காகச் செய்வார். பனங்காலத்தில், உட்புறம் சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கிய கருப்பநீரை ஒரு போத்தல் எடுத்து வைப்பார். அதே பனை, அதே பாளை, அதே சாறு. சுண்ணாம்பு இருந்தால் புளிக்காது, கருப்பநீர், இல்லாவிட்டால் கள். ஹலாலுக்கும் ஹராமுக்கும் நடுவே ஒரு விரல் சுண்ணாம்புதான் என்று நான் சொன்னபோது வேலிக்கு அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு எழுந்தது.

இனி நாய். அதற்குப் பெயர் மணியன். செம்மண் நிறம், ஒரு காது கிழிந்திருக்கும். சொந்தக்காரர் என்று எவரும் இல்லை. கடைக்கும் தவறணைக்கும் பொது. பகலில் கடை வாங்குகளுக்குக் கீழே படுத்திருக்கும். மீன்முள் விழுந்தால் எழும்பும்.

சென்ற ஆடி மாதம் லண்டனிலிருந்து ஒருவர் குடும்பத்தோடு ஊருக்கு வந்திருந்தார். எண்பதுகளில் போனவர். அல்பேட்டனில் வீடு. வீட்டுக்குப் பின்னால் கால்வாய் ஓடுகிறதாம். 1801இல் திறந்த கால்வாய் அது. ஒரு காலத்தில் குதிரைகள் கரையில் நடந்து படகுகளை இழுத்துப் போகும் என்றார். படகுக்காரர்கள் இறங்கிக் குடிக்கவும் சாப்பிடவும் கரைகளில் பப்புகள் தோன்றினவாம். இப்போது சனி ஞாயிறுகளில் சனம் நாயையும் கூட்டிக்கொண்டு அங்கே போகும். பொரித்த மீனும் உருளைக்கிழங்கும், ஞாயிறென்றால் வாட்டிய இறைச்சி. நாய்க்கு வாசலில் ஒரு கிண்ணம் தண்ணீர். "சமைக்கிற இடத்துக்குள்ள நாய் வரக்கூடாது எண்டுதான் சட்டம். சனம் இருந்து சாப்பிடுற இடத்துக்குள்ள விடுறதும் விடாததும் கடைக்காரன்ர விருப்பம். கண் தெரியாத ஆளின்ர வழிகாட்டி நாயெண்டா மறிக்கேலாது" என்று அவர் விளக்க, கடையிலிருந்த எல்லோரும் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த நேரம் பார்த்து மணியன் வாங்குக்குக் கீழிருந்து எழும்பி அவருடைய பேரப்பிள்ளையின் தட்டில் இருந்த கணவாயில் வாயை வைத்துவிட்டது. பிள்ளை வீரிட்டது. அவர் பாய்ந்தெழுந்து காலால் உதைத்தார். "இதென்ன கடையோ, நாய்க்கூடோ?" என்று சத்தம் போட்டார். யாரோ மெல்ல, "லண்டனில விடுவினம் எண்டியள்" என்றார்கள். "அங்க நாய்க்கு ஊசி போட்டிருக்கும். கழுத்தில பட்டி இருக்கும். பட்டியைப் பிடிக்க ஒரு ஆள் இருக்கும். இது ஆற்ற நாய்?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. விசர்நாய்க்கடிக்கு அஞ்சும் நாடு இது. பிள்ளையைக் கடித்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டியிருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்துக் கடைக்கார அண்ணை ஒரு பலகையைச் சீவி வெள்ளை பூசிக் காயவைத்திருந்தார். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"மாஸ்டர், உங்கட மார்க்கத்தில நாய் கூடாதுதானே?"

"ஏன் அண்ணை?"

"நாய்களுக்கு அனுமதி இல்லை எண்டு எழுதப்போறன். நீங்கள்தான் வடிவா எழுதித் தரவேணும். சும்மா துரத்தினா தவறணைக்காரர் என்னோட கொளுவுவினம். முஸ்லிம் மாஸ்டர் வாறவர், அவருக்குக் கூடாது எண்டு சொன்னா ஒருத்தரும் வாய் திறக்க மாட்டினம்."

அவர் என்னை மதித்துத்தான் அப்படிச் சொன்னார். நண்டுக்காலை ஒதுக்கியது போலத்தான் இதுவும். நாளைக்குச் சொல்கிறேன் என்று பாடசாலைக்கு நடந்தேன்.

உண்மையைச் சொல்வதானால், எனக்கும் மணியன்மீது ஒரு மனத்தாங்கல் இருந்தது. ஒரு தடவை அதன் ஈரமான மூஞ்சி என் காற்சட்டையில் பட்டுவிட்டது. ளுஹர் தொழவேண்டும். நாங்கள் ஷாபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள்; நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு தடவை கழுவவேண்டும், ஒரு தடவை மண் கரைத்த நீரால். மாலிக் மத்ஹபில் நாய் தூய்மையானது என்று படித்திருக்கிறேன். ஆனால் அவசரத்துக்கு மத்ஹப் மாற முடியுமா? பாடசாலைக் கிணற்றடியில் நின்று கழுவினேன். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வாளியால் அள்ளி ஊற்ற, மற்றவர்கள் சுற்றி நின்று "ஒண்டு, ரெண்டு" என்று எண்ணினார்கள். ஏழு வந்ததும் கைதட்டினார்கள். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

ஆகவே அந்தப் பலகையில் எனக்கு லாபம்தான். ஆனாலும் அன்றிரவு நித்திரை வரவில்லை. மார்க்கம் நாயின் ஈரத்தைக் கழுவச் சொன்னது. நாயைக் கொடுமைப்படுத்தச் சொல்லவில்லை. வேட்டை நாயையும் காவல் நாயையும் அனுமதித்திருக்கிறது. தாகத்தால் நாக்குத் தள்ளிய நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலுறையில் நீர் மொண்டு கொடுத்தவரை இறைவன் மன்னித்தான் என்ற ஹதீஸை மத்ரஸாவில் படிக்காதவர் எவர்? வெள்ளிக்கிழமைகளில் நாம் ஓதும் அல்கஹ்ஃப் அத்தியாயத்தில், குகைத்தோழர்களின் நாய் முன்னங்கால்களை வாசலில் நீட்டிக் கிடக்கிறது. தோழர்கள் எத்தனை பேர் என்பதில் சனங்களுக்குள் வேறுபாடு. மூவரா, ஐவரா, எழுவரா என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். ஆனால் எந்தக் கணக்கிலும் நாயை விட்டுவிடவில்லை. எத்தனையோ தடவை ஓதிய இந்த இடம் அன்றுதான் எனக்கு உறைத்தது. அது வாசலில்தான் கிடந்தது. ஆனால் எண்ணப்பட்டது.

மறுநாள் கடைக்குப் போனபோது செய்தி வேலிக்கு அந்தப் பக்கமும் போயிருந்தது. சீவல் தொழிலைவிட்டுப் பல வருடமான ஒரு முதியவர், அப்பு என்றுதான் எல்லோரும் அழைப்போம், பொட்டுக்குள்ளால் கூப்பிட்டார்.

"தம்பி வாத்தியார், பலகை எழுதப்போறியளாம்?"

"இன்னும் எழுதேல்லை அப்பு."

"நான் பெடியனா இருக்கேக்க இந்தப் பக்கத்துக் கடையளுக்குள்ள நாய் படுத்திருக்கும். நாங்கள் வெளியில நிண்டு போத்தலில தேத்தண்ணி வாங்கிக் குடிக்கிறனாங்கள். அப்ப பலகை ஒண்டும் இல்லை. பலகை இல்லாமலே எல்லாருக்கும் தெரியும்."

அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டியதும் இல்லை. பொது இடங்களில் சாதி பார்த்து மறிப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. ஆனால் 1966 ஒக்டோபர் ஊர்வலத்துக்குப் பிறகும், சங்கானையிலும் வேறு ஊர்களிலும் தேநீர்க்கடைகளைத் திறப்பதற்கு மனிதர்கள் அடி வாங்கினார்கள், உயிரும் கொடுத்தார்கள். அந்த வாசலால் நுழைந்தவர்களின் தோளில் ஏறித்தான் இன்றைக்கு நாங்கள் எல்லோரும் ஒரே வாங்கில் இருக்கிறோம். என் பாடசாலைப் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது. பாடப்புத்தகத்திலும் இல்லை.

அன்று பாடசாலை விட்டதும் பஸ்ஸை விட்டுவிட்டுக் கடையில் இருந்தேன். சனம் இல்லாத நேரம். அண்ணை தூரிகையையும் கறுப்பு மையையும் எடுத்து வைத்தார்.

"அண்ணை, என்ர பேரில எழுதாதேங்கோ" என்றேன்.

"உங்களுக்காகத்தானே மாஸ்டர்..."

"அதுதான் வேண்டாம். நாளைக்கு மணியனை ஆரும் கல்லால எறிஞ்சாலும் என்னைத்தான் நினைப்பினம். சோனகன் வந்து நாயைக் கலைச்சவன் எண்டு ஒரு கதை இந்த ஊரில மிஞ்சும். எனக்கு முதல் இஞ்ச வாழ்ந்த என்ர ஆக்களுக்கும், எனக்குப் பிறகு வரப்போற ஆக்களுக்கும் அந்தக் கதையை நான் விட்டுட்டுப் போகேலாது."

அவர் தூரிகையைக் கீழே வைத்தார். அதுவரை அவருக்குச் சொல்லாத ஒன்றை அப்போதுதான் சொன்னேன். 1990 ஒக்டோபர் 30. எனக்குப் பத்து வயது. சோனகத் தெருவிலிருந்து எல்லோரும் வெளியேறவேண்டும் என்று சொல்லப்பட்ட அன்று, உம்மா கடைசியாகச் செய்த வேலை கோழிக்கூட்டைத் திறந்துவிட்டதுதான். எங்கள் ஒழுங்கை முகப்பில் இறைச்சிக்கடை வாசலில் ஒரு நாய் கிடக்கும். யாரும் தொடமாட்டார்கள், எல்லோரும் எலும்பு போடுவார்கள். அது சனத்தின் பின்னால் நடந்து வந்தது. நாங்கள் லொறியில் ஏறியபோது கீழே நின்று பார்த்தது. புத்தளத்து அகதி முகாமில் உம்மா பல காலம் கோழிகளைப் பற்றித்தான் பேசினார். நான் பேசாவிட்டாலும், எனக்கு அந்த நாய்தான் நினைவில் நின்றது.

அண்ணை கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வலிகாமத்துக்காரர், கலியாணம் செய்துதான் இந்தப் பக்கம் வந்தவர்.

"எங்களுக்கும் அதே திகதி மாஸ்டர். தொண்ணூற்றஞ்சு ஒக்டோபர் முப்பது. மழை. இருட்டு. நாவற்குழிப் பாலம் முழுக்கச் சனம். நாயைக் கட்டி வச்சா பட்டினியில செத்திடும் எண்டு அவிட்டு விட்டுட்டு வந்தனாங்கள். அடுத்த வருசம் திரும்பிப் போகேக்க வீட்டுக்குக் கூரை இல்லை. நாய் வாசற்படியில கிடந்தது. எலும்பும் தோலும். வாலை மட்டும் ஆட்டிச்சுது. எழும்பேலாது."

ஐந்து வருட இடைவெளி, ஒரே திகதி. பதினொரு வருடமாக ஒரே கடையில் முகம் பார்த்திருக்கிறோம். இதை நாங்கள் ஒருவருக்கொருவர் சொன்னதில்லை. நான் திரும்பி வந்த புதிதில் யாழ்ப்பாணத்தில் பலர் அன்பாகத்தான் விசாரித்தார்கள். ஆனால் "எத்தனை நாள் நிப்பியள்?" என்ற கேள்வி ஒவ்வொரு விசாரிப்பின் முடிவிலும் இருந்தது. விருந்தாளியிடம் கேட்கும் கேள்வி அது. அந்தக் கேள்வியைக் கேட்காத முதற்கடை இதுதான் என்பதையும் அன்று அவருக்குச் சொன்னேன்.

பிறகு இருவரும் நடைமுறைக்கு வந்தோம். பிள்ளையின் தட்டில் நாய் வாய் வைத்ததை இல்லையென்று ஆக்க முடியாது. சாப்பிடும் இடமும் அடுப்படியும் துப்புரவாக இருக்கவேண்டும். அதில் லண்டன்காரர் சொன்னதுதான் சரி. வாசலுக்கு இடுப்பளவில் ஒரு படலை போடுவது, மீன்முள்ளையும் மிச்சத்தையும் வாங்குக்குக் கீழே எறியாமல் வெளியே வேப்பமரத்தடியில் ஒரே இடத்தில் போடுவது, அங்கே ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைப்பது, அடுத்தமுறை தடுப்பூசி போட வரும்போது மணியனைக் கொண்டுபோவது என்று தீர்மானித்தோம். யார் கொண்டுபோவது என்ற கேள்வி வந்தது. பொட்டுக்குள்ளால் அப்புவின் குரல் கேட்டது.

"நான் கொண்டு போறன். எழுதுறதெண்டா என்ர பேரை எழுதுங்கோ."

அப்படியானால் அது அவருடைய நாய்தான் என்றார் அண்ணை. மறுப்பு எதுவும் வரவில்லை.

படலை போட்டு இப்போது நாலு மாதமாகிறது. மணியன் அதற்கு வெளியேதான் கிடக்கிறது. மழை பெலத்தால் மட்டும் யாரோ படலையைத் திறந்துவிடுகிறார்கள். யாரென்று நான் விசாரிப்பதில்லை; காலை மடக்கிக்கொண்டு தள்ளி இருந்துவிடுகிறேன்.

வெள்ளை பூசிய பலகை வீணாகவில்லை. அண்ணை கேட்டபடி அதில் நான்தான் எழுதிக் கொடுத்தேன். சனிக்கிழமைகளில் வெளியே தொங்கும்: இன்று கூழ் உண்டு.