தேக்குத் தூண்களின் விலை

திருமயத்தை அடுத்த கடியாபட்டியில் நகரத்தார் வீடொன்றினுள் நுழைந்தோம். பர்மாத் தேக்குத் தூண்கள் எம்மை வரவேற்றன.

1852-ஆம் ஆண்டுப் போரில் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. ஐராவதிக் கழிமுகத்தில் காடு திருத்தி நெல் விளைத்தோர்க்குக் கடன் வழங்க, இவ்வட்டாரத்தார் கப்பலேறினர். பெட்டியடிப் பையனாகச் சென்றவன் அடுத்தாளாகி, மேலாளாய் உயர்வான். தவணை மூன்றாண்டு; மனைவி மக்களோ ஊரிலே! கிட்டங்கி என்னும் பொதுக்கூடத்தில் கணக்குப் பெட்டியருகே அவன் துயில்வான். இங்கே இல்லாள் கடிதத்திற்காகக் காத்திருப்பாள்.

1930-களில் நெல்விலை வீழ்ந்தது. கடனுக்கு ஈடாக உழவர் நிலங்கள் வட்டிக்கடைகளைச் சேர்ந்தன, பகை மூண்டது. 1942-இல் ஜப்பானியர் புகவே, பலர் காடுமலை கடந்து நடந்தே தாயகம் மீண்டனர். 1948-இல் விடுதலை பெற்ற பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது.

தூணைத் தொட்டுப் பார்த்தோம். இதற்கு இரு நாட்டுக் குடும்பங்களும் விலை கொடுத்தன என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்வோமாக.