சாயம் போகாத தாத்தா

பாடப் புத்தகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி எழுதுவது என்று ஆகிவிட்டது. இந்த முறை மை பற்றி எழுதலாம் என்று தோன்றியது. பேனா மை இல்லை, பிரிண்டர் மை. "இதில் எழுத என்னப்பா இருக்கிறது?" என்று கேட்பவர்கள் ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். இதற்குள் ஒரு ராக் பாடகர் வருகிறார், இரும்பு அறுக்கும் ரம்பம் ஒன்று வருகிறது, தில்லை நடராஜர் கோயிலும் வருகிறது :-)

இங்க்ஜெட் பிரிண்டர் என்றால் நமக்குத் தெரிந்தது புராஜெக்ட் ரிப்போர்ட், ஹால் டிக்கெட், அப்புறம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அதே நுட்பத்தில் அருங்காட்சியகச் சுவரில் மாட்டுகிற தரத்துக்குப் படம் அச்சிட முடியும் என்று முப்பது வருடத்துக்கு முன்பே சிலர் காட்டினார்கள். அவர்கள் கற்றதை மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருந்தது. என் தாத்தா.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூர் அருகே கரையைக் கடந்தபோது எனக்கு ஏழு வயது. கூரை ஓடுகள் பறந்ததில் கூடம் முழுக்க மழை. சுவரில் மாட்டியிருந்த தாத்தாவின் போட்டோ நனைந்து, அடிப்பாகம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. 1960களில் ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அவருக்கு இருந்தது அந்த ஒரு படம்தான், நெகட்டிவ் கிடையாது. நல்லவேளை, முகம் தப்பித்தது.

அப்பா அதை ஒரு கடையில் கொடுத்து ஸ்கேன் செய்து, பளபளப்பான காகிதத்தில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வந்தார். "நூறு வருஷம் நிக்கும் சார்" என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். நாலு வருடத்தில் தாத்தா சிவக்க ஆரம்பித்தார். வெள்ளைச் சட்டை ஆரஞ்சு, முகம் செங்கல் நிறம். "என்னடா, உங்க தாத்தா வெயில்ல நின்னுட்டு வந்தவரு மாதிரி ஆயிட்டாரு?" என்று பாட்டி கேட்டபோது எல்லோரும் சிரித்தோம். பாட்டி சிரிக்கவில்லை. டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த ஒரிஜினலை எடுத்துப் பார்த்தால் ஓரத்திலிருந்து பூஞ்சை முகத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. அசல் ஒரு பக்கம் அரிபடுகிறது, நகல் ஒரு பக்கம் வெளுக்கிறது. சரி, இது ஏன் இப்படி ஆகிறது என்று பார்க்கக் கிளம்பியதில்தான் இந்த ஆட்கள் அறிமுகமானார்கள்.

முதலில் கிரஹாம் நாஷ். 'கிராஸ்பி, ஸ்டில்ஸ் அண்ட் நாஷ்' என்ற புகழ்பெற்ற ராக் குழுவின் பாடகர். புகைப்படப் பித்தும் உண்டு. 1980களின் கடைசியில் தன் படங்களைக் கணினியில் திருத்திக்கொண்டிருந்தார். திரையில் தெரிந்ததைக் காகிதத்தில் கொண்டுவர வழி கிடைக்கவில்லை. அப்போது அச்சகங்களில் பெரிய வேலையை ஓட்டுவதற்கு முன் நிறம் சரிபார்க்க 'ஐரிஸ்' என்று ஒரு இங்க்ஜெட் இயந்திரம் இருந்தது. அதன் 3047 மாடலை 1,26,000 டாலர் கொடுத்து வாங்கினார்! அதில் கனமான ஓவியக் காகிதம் நுழையாது. அவருடைய நண்பரும் குழுவின் சுற்றுப்பயண மேலாளருமான மேக் ஹோல்பெர்ட் ரம்பத்தை எடுத்து இயந்திரத்தை அறுத்து, மை பீய்ச்சும் தலைகளைத் தள்ளி வைத்தார். வாரண்டி போயே போச்சு. அப்படித்தான் 1991இல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் 'நாஷ் எடிஷன்ஸ்' தொடங்கியது. அந்த ஐரிஸ் இயந்திரம் இப்போது ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

அங்கே வேலை செய்த ஜாக் டுகான் என்பவர்தான் இந்த வகை அச்சுக்கு 'ஷிக்ளே' என்று பெயர் வைத்தார். பிரெஞ்சில் பீய்ச்சுவது என்று பொருள் வரும் சொல்லிலிருந்து எடுத்தது. 'இங்க்ஜெட்' என்றால் ஆபீஸ் வாசனை அடிக்கிறது, கேலரியில் விலை போகாது என்று நினைத்திருப்பார் போல. பக்கத்திலேயே புதுச்சேரி இருப்பதால் எனக்கு இந்த பிரெஞ்சு விளையாட்டு உடனே பிடித்துப் போனது.

ஆனால் ஒரு வில்லங்கம் இருந்தது. ஆரம்பகால ஐரிஸ் அச்சுகள் சில வருடங்களிலேயே வெளுத்தன. இதை எண்களோடு எடுத்துச் சொன்னவர் ஹென்றி வில்ஹெல்ம். இளைஞராக பொலிவியாவின் ஈரமான மழைக்காட்டுப் பகுதியில் தொண்டு வேலை பார்த்தபோதுதான் படங்கள் கெட்டுப்போவதைப் பற்றிய அக்கறை அவருக்கு வந்ததாம். 1993இல் வண்ணப் புகைப்படங்களின் ஆயுள் பற்றி எழுநூறு பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். பிறகு அதை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்று இணையத்திலேயே போட்டுவிட்டார். எந்த மையும் காகிதமும் சேர்ந்தால் எத்தனை வருடம் நிற்கும் என்று சோதித்துச் சொல்வதே அவருடைய வாழ்நாள் வேலையாகிவிட்டது.

இங்கே கொஞ்சம் வேதியியல். மையில் இரண்டு ஜாதி: சாயம், நிறமி. சர்க்கரையைத் தண்ணீரில் போட்டால் கரைந்து காணாமல் போகிறதே, அது மாதிரி சாயம். மஞ்சள் தூளைப் போட்டால் துகள் துகளாக மிதக்கிறதே, அது மாதிரி நிறமி. சாயத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனியாக மாட்டிக்கொள்வதால் வெளிச்சமும் காற்றும் சுலபமாகத் தாக்கும். நிறமித் துகளில் மேல் அடுக்கு அடிபட்டாலும் உள்ளே இருப்பது தாங்கும். 2000இல் அமெரிக்காவில் இது பெரிய விவகாரமே ஆனது. எப்சனின் புதிய போட்டோ பிரிண்டரில் போட்ட சில படங்கள் சில வாரங்களிலேயே ஆரஞ்சு நிறத்துக்கு மாறின. வெளிச்சமே படாத இடத்திலும் மாறின! அப்புறம்தான் காற்றிலுள்ள ஓசோன் போன்ற வாயுக்கள், நுண்துளைகள் கொண்ட பளபளக் காகிதத்துக்குள் புகுந்து நீலச்சாயத்தை அழிக்கின்றன என்று புரிந்தது. நீலம் போனால் மிச்சம் சிவப்பும் மஞ்சளும்தானே. எங்கள் தாத்தா செங்கல் நிறமானதன் ரகசியம் எனக்கு விளங்கியது அங்கேதான்.

அதே 2000இல் வெர்மான்ட் மாநிலத்திலிருந்த ஜான் கோன் என்ற அச்சுக்கலைஞர் 'பீசோகிராபி' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். சாதாரண எப்சன் பிரிண்டரிலிருந்து வண்ண மைகளை எடுத்துவிட்டு, அந்த இடங்களில் கறுப்பையும் வெவ்வேறு சாம்பல் நிறங்களையும் ஊற்றினார். கறுப்பு எதனால் ஆனது என்றால், கரியால். கரிக்கு வெளுக்கத் தெரியாது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊர் ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிய பிறகு தடவுவதும் விளக்குக் கரிதான். நான் படிக்கும் சிதம்பரத்தில், நடராஜர் கோயிலின் பூட்டிய அறையிலிருந்து தேவாரச் சுவடிகளை ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டார்கள் என்பது மரபு. செல்லரித்துப் போனது போக மிச்சம்தான் கிடைத்தது என்பார்கள். கவனியுங்கள், போனது ஓலை, கரி இல்லை. மை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதைத் தாங்குகிற பொருளையும் வைக்கிற இடத்தையும் பார்க்கவேண்டும் என்று ஆயிரம் வருடத்துக்கு முன்பே நமக்கு ஒரு பாடம் நடந்திருக்கிறது.

இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் இன்னும் மூன்று பேர். பால் ரோர்க் என்ற இயற்கைக் காட்சிப் படக்காரர், கரி மையை எந்த விகிதத்தில் கலக்கி நீர்க்கச் செய்யவேண்டும் என்ற தன் செய்முறைகளை அப்படியே எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். ராய் ஹாரிங்டன், கறுப்பு வெள்ளை அச்சுக்கென்றே ஒரு மென்பொருள் எழுதி 50 டாலருக்குக் கொடுத்தார். அந்த வேலைக்கு மற்ற மென்பொருள்கள் கேட்ட விலையோடு பார்த்தால் அது கொசுறு. ஸ்மித்சோனியனில் ஆய்வாளராக இருந்த மார்க் மெக்கார்மிக்-குட்ஹார்ட், 'ஆர்டன்பர்க்' என்ற பெயரில் ஒரு சோதனைக்கூடம் தொடங்கி, சாதாரண ஆட்கள் அனுப்பிய அச்சு மாதிரிகளையே விளக்கடியில் வைத்துச் சோதித்து முடிவுகளை வெளியிட்டார். கம்பெனி சொல்வதை அப்படியே நம்பாமல் நாமே பார்த்துவிடுவோம் என்ற அந்த மனசு பெரியது.

நம் பக்கம் இப்படி யாராவது உண்டா என்று யோசித்தேன். கோவில்பட்டியில் சி. கொண்டையராஜு (1898-1976) இருந்தார். ரமணாசிரமத்தில் இருந்து, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்து, பிறகு சிவகாசி காலண்டர்களுக்குச் சாமி படங்கள் வரைந்தவர். தன்னோடு இருந்த சீடர்களுக்கெல்லாம் கைத்தொழிலைக் கற்றுக்கொடுத்து ஒரு பரம்பரையையே உருவாக்கினார். காலண்டர் 365 நாளைக்குப் போட்டது. ஆனால் நம் ஜனங்கள் தேதியைக் கிழித்து முடித்த பிறகு படத்துக்குச் சட்டம் போட்டுப் பூஜை அறையில் முப்பது வருடம் வைத்துக்கொள்வார்கள். நீடிக்க வேண்டும் என்ற ஆசை நமக்கும் நிறையவே உண்டு.

சிதம்பரம் கீழவீதிப் பக்கம் முன்பு ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு பெரியவரிடம் ஒரிஜினலைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாக் கழுவியிருக்கான் தம்பி" என்றார். எனக்குப் புரியவில்லை. "ஹைப்போவுல போட்ட பிறகு ஓடுற தண்ணியில ரொம்ப நேரம் கழுவணும். அவசரப்பட்டா மஞ்சளாயிடும். இவன் அவசரப்படல. அதான் கறுப்பு இன்னும் கறுப்பா இருக்கு." அறுபது வருடத்துக்கு முன் பெயர் தெரியாத ஒருவர் கூடுதலாக நின்று கழுவியதால்தான் என் தாத்தாவின் முகம் இன்று இருக்கிறது. வில்ஹெல்ம் எழுநூறு பக்கத்தில் சொன்னதை இவர் நாலு வரியில் சொல்லிவிட்டார்.

ஒரு விஷயத்தை மட்டும் நாமே யோசிக்கவேண்டும். 'நூறு வருடம்' என்ற கணக்கெல்லாம் வில்ஹெல்மின் சோதனையில் 24 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதம், கண்ணாடிச் சட்டம் என்று வைத்துப் போட்ட கணக்கு. கடலூரில் கடற்காற்று வீசும் கூடத்துச் சுவர் அப்படியா இருக்கிறது? ஐப்பசி கார்த்திகையில் சுவரே வியர்க்கும். ஆகவே நமக்கு அந்த எண் உத்தரவாதம் ஆகாது. எந்த மை எதைவிட நல்லது என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும், அவ்வளவுதான்.

போன வருடம் அசலைப் பூஞ்சை இன்னும் தின்பதற்குள் நல்ல ஸ்கேன் எடுத்தோம். சென்னையில் நண்பன் ஒருவன் மூலமாகப் பருத்திக் காகிதத்தில், நிறமி மையில் அச்சிட்டோம். கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் அட்டை வைத்துச் சட்டம் போட்டு, வெளிச்சுவரை விட்டு உள் சுவரில் மாட்டினோம். ஸ்கேன் கோப்பு மூன்று இடத்தில் இருக்கிறது. பாட்டி கிட்டப்போய்ப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் அவரு நிறம்" என்றார்.

எத்தனை வருடம் நிற்கும் என்று பார்த்துக்கொண்டே இருக்கப்போகிறேன். நீங்களும் வீட்டுப் பெரியவர்கள் படத்தைக் கடையில் கொடுக்கும்போது, "இது சாய மையா, நிறமி மையா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தெரியாமல் முழித்தால் பரவாயில்லை, சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள். இந்தக் கலை இதுவரை வந்ததே அப்படி ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்துத்தான்.