கறுப்புக் காரில் ஒரு கோடு



உங்களிடம் சைக்கிள் இருக்கிறதா? தலைக்கவசம் இருக்கிறதா? மணியும் விளக்கும் வேலை செய்கின்றனவா? நல்லது. சைக்கிள் ஓடும் ஒருவருக்கு இன்னொன்றும் வேண்டும். அது என்ன என்று என் கதையின் முடிவில் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அது 2007ஆம் ஆண்டு. ஜேர்மனியில் நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்பது வயது. அந்த நாட்டில் பத்து வயது நிறையும் வரை பிள்ளைகள் நடைபாதையில் சைக்கிள் ஓடலாம். ஒருநாள் பின்னேரம் அம்மா என்னைப் பால் வாங்க அனுப்பினா. வாங்கிய பாலைப் பையில் போட்டு, பையை ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு திரும்பினேன்.

அதுதான் பிழை. பை ஆடியது. ஹாண்டில் ஒரு பக்கம் இழுத்தது. தெருவோரம் ஒரு கறுப்புக் கார் நின்றது. "கர்ர்ர்" என்று ஒரு சத்தம்! இறங்கிப் பார்த்தேன். கார்க் கதவில் என் கை நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு.

சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. என்ன செய்தேன் தெரியுமா? சைக்கிளில் ஏறி வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் வேலியில் ஒரு மஞ்சள் பலகை தொங்கியது. "உள்ளே வரக் கூடாது. பிள்ளைகளுக்குப் பெற்றோரே பொறுப்பு" என்று அதில் எழுதியிருந்தது. நான் நாள்தோறும் பார்க்கும் பலகைதான். அன்றைக்குத்தான் அது எனக்கு விளங்கியது. அப்பா ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அந்தக் காசு முழுவதையும் ஒரு கோட்டுக்குக் கொடுக்க வேண்டுமே!

அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"என்ன ராசா, பிட்டு உனக்குப் பிடிக்கும்தானே? ஏன் சாப்பிடேல்லை?" என்று அம்மா கேட்டா.

"பசிக்கேல்லை அம்மா" என்று சொல்லி அழத் தொடங்கினேன். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஒன்பதரை மணிக்கு அப்பா வந்தார். அம்மா அவரிடம் சொன்னா. அப்பா முதலில் ஒன்றுதான் கேட்டார்.

"ஆராவது கண்டவையோ?"

"இல்லை அப்பா."

அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, கழற்றிய சப்பாத்தை மறுபடியும் போட்டார். "ஜக்கெற்றை எடு. போவம்" என்றார்.

கார் அங்கேயே நின்றது. நாங்கள் அரை மணித்தியாலம் குளிரில் நின்றோம். ஒருவரும் வரவில்லை.

"கடதாசியில எங்கட பேரையும் நம்பரையும் எழுதி வைச்சிட்டுப் போவமே?" என்றார் அப்பா.

"அது காணாது அப்பா" என்றேன் நான். நான்காம் வகுப்பில் எங்களுக்குச் சைக்கிள் பயிற்சி தருவதற்குப் பொலிஸார் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார்கள். கடதாசி காற்றில் பறந்துவிடும், மழையில் நனைந்துவிடும் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். காருக்கு உரியவர் வரும் வரை நிற்க வேண்டும். அவர் வராவிட்டால் பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும். சைக்கிள் ஓடுபவருக்கும் இதுதான் சட்டம்.

பொலிஸ் என்றதும் அப்பாவின் முகம் மாறியது. அவர் போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர். அங்கே சோதனைச் சாவடி வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும். சீருடைக்காரரிடம் தானாகப் போய் "நாங்கள்தான் செய்தோம்" என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. ஆனாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

பொலிஸ் நிலையத்தில் அப்பாவுக்கு டொச் மொழி போதவில்லை. அவர் தமிழில் சொல்ல நான் டொச்சில் சொன்னேன். உங்களில் பலரும் அம்மா அப்பாவுக்காக இப்படி மொழிபெயர்த்திருப்பீர்கள். ஆனால் அன்று எனக்கு அது கடினமாக இருந்தது. "என்ர மகன் காரைக் கீறிப்போட்டான்" என்று அப்பா சொன்னார். அதை நான் "நான் காரைக் கீறிவிட்டேன்" என்று மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தப் பொலிஸ்காரர் எல்லாவற்றையும் எழுதினார். பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அங்கே தண்டனை இல்லை என்று விளக்கினார். ஆனால் காரைத் திருத்தும் செலவு வேறு விஷயம். கார் இலக்கத்தை வைத்து உரியவரைத் தேடி அறிவிப்பதாகச் சொன்னார்.

சில நாட்களில் காருக்கு உரியவரின் கடிதம் வந்தது. கதவைத் திருத்த 740 யூரோ வேண்டுமாம்.

"சீட்டை எடுத்துக் குடுப்பம்" என்றார் அப்பா.

"கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லி அம்மா அலுமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து வந்தா. அதில் ஒரு காப்புறுதிப் பத்திரம் இருந்தது. நாங்கள் மற்றவர்களின் பொருளுக்குத் தெரியாமல் சேதம் செய்தால் உதவும் காப்புறுதி அது. தமிழில் அதைப் பொறுப்புக் காப்புறுதி எனலாம். "ஒண்டும் நடக்கேல்லை, ஏன் சும்மா காசு கட்டிறாய்?" என்று அப்பா ஒவ்வொரு வருடமும் கேட்ட பத்திரம் அதுதான்!

கார் வைத்திருப்பவர் கட்டாயம் காப்புறுதி எடுக்க வேண்டும். ஜேர்மனியில் சைக்கிளுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. பொறுப்புக் காப்புறுதியும் விரும்பியவர்கள் எடுப்பதுதான். அது இல்லாதவர் தன் கையிலிருந்து கட்ட வேண்டும்.

அம்மா காப்புறுதி நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தா. நான் பக்கத்தில் நின்றேன். நீங்களாகக் காசு கொடுக்காதீர்கள், எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள், நடந்ததை உள்ளபடி எழுதி அனுப்புங்கள் என்று அங்கிருந்த பெண் சொன்னார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "கார் ஓடிக்கொண்டிருந்ததா, நின்றதா?"

ஏன் அப்படிக் கேட்டார்? ஜேர்மன் சட்டப்படி ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளை சேதத்துக்குப் பொறுப்பில்லை. ஏழு வயதிலிருந்து பத்து வயது நிறையும் வரை, ஓடும் வாகனத்தோடு விபத்து நடந்தால் பிள்ளை பொறுப்பில்லை. வேண்டுமென்று செய்தால் மட்டும் பொறுப்பு. கார் எவ்வளவு வேகமாக வருகிறது, எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று அந்த வயதில் சரியாகக் கணிக்க முடியாது அல்லவா? ஆனால் ஒழுங்காக நிறுத்தியிருக்கும் கார் அசையாது. அதில் மோதாமல் போக ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரியும்.

அந்த மஞ்சள் பலகையும் முழு உண்மை இல்லை. பெற்றோர் பிள்ளையைக் கவனிக்கும் கடமையில் தவறினால்தான் அவர்கள் பொறுப்பு. ஆகவே இந்த முறை பொறுப்பு அப்பாவுடையது இல்லை. என்னுடையது!

எங்கள் குடும்பக் காப்புறுதியில் நானும் இருந்தபடியால் நிறுவனம் அந்தக் காசைக் கட்டியது. நான் பொறுப்பில்லை என்று இருந்திருந்தால், எங்கள் சார்பில் அதை எழுதி மறுப்பதும் அவர்களின் வேலைதான். ஆனால் என் சைக்கிளில் வளைந்த பிறேக்குக்கு அவர்கள் ஒரு சதமும் தரவில்லை. அந்தக் காப்புறுதி மற்றவரின் பொருளுக்கு மட்டும்தான். பிறேக்கை என் உண்டியல் காசில் திருத்தினோம்.

பிறகு ஒருநாள் காருக்கு உரியவரைத் தெருவில் கண்டோம். கோட்டைக் கண்ட நேரத்தில், பக்கத்து வீட்டு இளைஞன்தான் கீறியிருப்பான் என்று அவர் நினைத்தாராம். அவனோடு சண்டைக்குப் போக இருந்த நேரத்தில்தான் பொலிஸிடமிருந்து அழைப்பு வந்ததாம். இதை நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. என் தலையைத் தடவினார்.

பிள்ளைகளே, நீங்கள் வாழும் நாட்டில் சட்டம் வேறாக இருக்கலாம். இன்று இரவு அம்மா அப்பாவிடம், "எங்களிட்ட இப்பிடி ஒரு காப்புறுதி இருக்கோ?" என்று கேளுங்கள். இன்னொன்று: பால் பையை ஹாண்டிலில் கொழுவாதீர்கள்!

பேசிப் பார்ப்போம்

1. "ஆராவது கண்டவையோ?" என்று அப்பா ஏன் முதலில் கேட்டார்?
2. சிறுவன் பொலிஸ் நிலையத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் யார் யார் துன்பப்பட்டிருப்பார்கள்?
3. நீங்கள் வீட்டாருக்காக மொழிபெயர்த்த ஒரு நாளைப் பற்றி ஐந்து வசனங்கள் எழுதுங்கள்.