வண்டியின் நெற்றியில் ஊர்ப்பெயர்

ஸ்கூட்டர் ஒன்றின் உறுப்புகளில், அது ஓடுவதற்குச் சிறிதும் உதவாத உறுப்பு எண் பலகை ஒன்றே எனலாம். விளக்கு அணைந்தால் இருளில் தடுமாறுவோம். கேபிள் அறுந்தால் கியர் விழாது. பலகை இல்லாவிடினோ வண்டி முன்னைக் காட்டிலும் இலேசாகவே ஓடும். ஆயினும் சட்டத்தின் கண்ணுக்கு அந்தத் தகடு இல்லாத வண்டி வண்டியே அன்று. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் அதற்கென்று ஓர் இலக்கணமே வகுத்திருக்கின்றன. இரு சக்கர வண்டியாயின் முன்பலகையில் எழுத்தும் எண்ணும் 30 மில்லிமீட்டர் உயரம் இருத்தல் வேண்டும். கோட்டின் தடிப்பு 5, இடைவெளி 5. பின்பலகையில் எழுத்துக்கு 35, எண்ணுக்கு 40. தளை தட்டிய வெண்பாவைப் புலவர் ஏற்காதது போல, இந்த அளவில் பிசகிய பலகையைச் சாலையில் நிற்கும் காவலரும் ஏற்கமாட்டார்.

காவலர் படிப்பதற்காக எழுதப்படும் இந்த இரண்டொரு வரிகளை, ஊரை விட்டு வந்த நம்மைப் போன்றவர்கள் வேறு விதமாகப் படித்து வருகிறோம். 1939ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில் மூன்று ஆங்கில எழுத்துகளும் ஓர் எண்ணும் மட்டுமே பலகையில் இருந்தன. சென்னை இராஜதானிக்குரிய 'எம்' எழுத்தோ, பிற்பாடு தமிழ்நாட்டுக்கு வந்த 'டி' எழுத்தோ முதலில் நிற்கும். அதைக் கொண்டு மாநிலத்தை ஊகிக்கலாம், ஊரைக் கண்டுகொள்ளப் பழக்கம் வேண்டும். 1988ஆம் ஆண்டின் புதிய சட்டம் 1989 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தபின், மாநிலத்துக்கு இரண்டெழுத்து, அலுவலகத்துக்கு ஓர் எண் என்ற முறை நிலைத்தது. டி.என். 45 என்றால் திருச்சி. 49 தஞ்சாவூர். 59 மதுரை. 72 நெல்லை. தமிழ்நாட்டிலேயே வசிப்பவருக்கு இந்தப் பட்டியல் மனப்பாடமாவதற்குக் காரணமில்லை. டில்லியிலோ மும்பையிலோ இருபது ஆண்டு குடியிருந்தவரிடம் கேட்டுப் பாருங்கள். பெருக்கல் வாய்பாடு போல ஒப்பிப்பார்.

நம் வீட்டு வண்டி டி.என். 49. 2004இல் தஞ்சையில் வாங்கிய பஜாஜ் சேதக். அந்நாளில் வண்டியை விற்பவர் பலகையைப் பூட்டித் தரும் வழக்கம் இல்லை. எண் கிடைத்ததும் நாமே கீழவாசலில் எழுத்து எழுதுபவரிடம் இரண்டு தகடுகளைக் கொடுத்தோம். அவர் வெள்ளை பூசி உலர்த்தி, சாக்குக்கட்டியால் மெல்லிய கோடு இழுத்து, அணில் முடித் தூரிகையால் கறுப்பில் எழுதினார். அவருடைய ஒன்பதுக்கு வால் சற்று வளைந்திருக்கும். நாற்பது மில்லிமீட்டர் என்ற விதியை அது மீறியதா என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. வீட்டில் பலகையைப் பூட்டும் வேலையை நம் தந்தையார் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். பலகையை நேரே இரும்பின்மீது வைத்துத் திருகினால் ஓட்டத்தில் அதிர்ந்து தகடு துளையோரத்தில் கிழியும் என்பது அவர் அனுபவம். பழைய சைக்கிள் டியூபிலிருந்து காலணா அளவில் வட்டங்கள் வெட்டி, நடுவில் துளையிட்டு, தகட்டுக்கும் தாங்கிக்கும் இடையே ஒவ்வொரு திருகாணிக்கும் ஒன்றாகக் கொடுத்தார். திருகாணிக்கு நல்லெண்ணெய் ஒரு சொட்டு. பிறகு நான்கடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, பலகை கோணாமல் இருக்கிறதா என்று பார்த்தார். பெண் பார்க்கப் போனபோதுகூட அவர் அத்தனை கூர்ந்து பார்த்ததில்லை என்று அம்மா சொன்னார். 2008இல் அவர் காலமானார்.

அடுத்த ஆண்டு நமக்கு டில்லிக்கு மாற்றல். வண்டியைச் சென்னை சென்ட்ரலிலிருந்து ரயில் பார்சலில் அனுப்பினோம். பெட்ரோல் தொட்டியைச் சொட்டில்லாமல் வடித்து, வைக்கோலும் சாக்கும் சுற்றித் தைத்து, எம்.ஏ.எஸ்., என்.டி.எல்.எஸ். என்ற நிலையக் குறியீடுகளைச் சாக்கின்மீது மையால் எழுதினார்கள். புது டில்லிப் பார்சல் அலுவலகத்தில் சாக்கைக் கிழித்தபோது முதலில் வெளிப்பட்டது அந்த வால் வளைந்த ஒன்பதுதான். ஊரில் நாள்தோறும் பார்த்தும் பாராமல் இருந்த எழுத்தை அன்றுதான் படித்தோம் போலும்.

பிறகு அந்தப் பலகை செய்த உபகாரத்தைச் சொல்ல வேண்டும். வந்த மூன்றாம் வாரம், இராமகிருஷ்ணபுரத்தில் 1973இல் குடமுழுக்குக் கண்ட உத்தர சுவாமிமலைக் கோயிலுக்குச் சென்றோம். மலை மந்திர் என்றால் டில்லியில் ஆட்டோ ஓட்டுபவருக்கும் தெரியும். தரிசனம் முடித்து இறங்கி வந்தால், நம் வண்டியருகே ஒரு பெரியவர் விபூதிப் பொட்டலத்துடன் நின்றுகொண்டிருந்தார். "தஞ்சாவூரா? டவுனா, சுத்துப்பட்டா?" என்றார். வணக்கமும் இல்லை, பெயர் விசாரிப்பும் இல்லை. அவருக்குத் திருவையாறு. பணி ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊருக்குப் போயும் ஆண்டுகள் பல ஆயினவாம். குனிந்து பலகையின் தூசியை மேல்துண்டால் துடைத்துவிட்டு, "கீழவாசல் எழுத்து மாதிரி இருக்கே" என்று அவர் சொன்னபோது நமக்கு மெய்சிலிர்த்தது. அவர் தெருவில் ஒரு மேல்மாடி காலியாக இருந்தது. நாம் டில்லியில் முதன்முதலாகக் குடியேறிய வீடு அதுவே. மகளைச் சேர்த்த பள்ளியும், பச்சரிசியும் நல்லெண்ணெயும் விற்ற கடையும் அவர் காட்டியவையே. தரகர் கூலி ஒரு காசும் இல்லை. சிக்னலில் நின்ற வேளைகளில் பக்கத்து வண்டிக்காரர் "எந்த ஊரு சார்?" என்று கேட்டு, பதில் முடியுமுன் பச்சை விழுந்து பிரிந்ததும் பல முறை நடந்தது.

சட்டம் இந்த உறவை ஓராண்டு மட்டுமே பொறுக்கும். பதிவு செய்த மாநிலத்துக்கு வெளியே பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருந்தால், புதிய மாநிலத்தில் புதிய எண் பெற்றாக வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆவது பிரிவு. அதற்கு முன் பழைய அலுவலகத்திலிருந்து ஆட்சேபணையின்மைச் சான்று வாங்க வேண்டும். கோப்புகளோடு வாழ்பவராகிய நாம் பிறர் கோப்பைக் குறை கூறுவது அழகன்று. சான்று வந்து சேர ஐந்து மாதமாயிற்று என்பதோடு நிறுத்துகிறோம். அடிச்சட்டத்தில் பொறித்த சேஸிஸ் எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து ஒட்ட வேண்டும். சிறு வயதில் நாணயத்தின்மீது தாளை வைத்துத் தேய்த்த விளையாட்டுதான். அந்த எண் மட்டும் எந்த மாநிலத்துக்குப் போனாலும் மாறுவதில்லை.

2010இல் டி.எல். என்று தொடங்கி, இரு சக்கர வண்டிக்குரிய 'எஸ்' எழுத்தை நடுவில் கொண்ட எண் வந்தது. கரோல் பாக் நாயிவாலாத் தெருக்களில், மோட்டார் சைக்கிள் உதிரிப் பாகங்கள் மலைபோல் குவிந்த கடைகளிடையே, அரை மணி நேரத்தில் பலகை தயாராயிற்று. தூரிகை இல்லை, ஒட்டும் எழுத்துகள். பழைய பலகையைக் கழற்ற அமர்ந்தோம். டில்லி வெயிலுக்கும் மழைக்கும் ஈடு கொடுத்த திருகாணிகள், தந்தையார் இட்ட எண்ணெயின் புண்ணியத்தால், துருப்பிடிக்காமல் இலகுவாகச் சுழன்று வந்தன. டியூப் வட்டங்கள் நான்கும் தரையில் விழுந்தன. அம்மா அவற்றைப் பொறுக்கி ஒரு தாளில் மடித்தார். பழைய பலகைகளும் அவருடைய டிரங்குப் பெட்டிக்குள் போயின.

புதுப் பலகையால் நன்மை இல்லாமலில்லை. வெளி மாநில எண்ணைக் கண்டாலே ஓரங்கட்டச் சொல்லும் காவலர்கள் நம்மைக் கண்டுகொள்ளவில்லை. சந்துகளில் "வெளியூர்க்காரன்" என்று வழிவிட மறுப்பவரும் குறைந்தனர். மலை மந்திரில் நம்மை விசாரிப்பவரும் இல்லாமற்போயினர். இதற்கும் அதற்கும் சரியாய்ப் போயிற்று என்று நம் துணைவியார் சொன்னார். நமக்கு அப்படித் தோன்றவில்லை. 2018இல் உச்சநீதிமன்றம், தலைநகர் வட்டாரத்தில் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் ஓடலாகாது என்ற தடையை உறுதி செய்தது. மறு ஆண்டே சேதக்குக்குப் பதினைந்து முடிந்தது. பழைய இரும்புக்குப் போயிற்று.

2024இல் மகள் கல்லூரி செல்ல ஸ்கூட்டர் வாங்க முடிவாயிற்று. அப்போது வீட்டில் எழுந்த வாதம் விலையைப் பற்றியதன்று, எண்ணைப் பற்றியது. 2021இல் மத்திய அரசு பி.எச். என்ற 'பாரத்' வரிசையைத் தொடங்கியிருந்தது. முதலில் பதிவாண்டின் இரண்டு இலக்கம், அப்புறம் பி.எச்., பின்பு நான்கு இலக்கம், கடைசியில் எழுத்து. மாநிலமும் இல்லை, ஊரும் இல்லை. மாற்றலாகிப் போகும் அரசு ஊழியர்களும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் கிளையுள்ள தனியார் நிறுவன ஊழியர்களும் பெறலாம். எந்த மாநிலத்துக்குப் போனாலும் எண்ணை மாற்ற வேண்டியதில்லை. அடுத்த மாற்றல் எப்போது வருமோ என்றிருக்கும் நமக்கு இது வரப்பிரசாதம். துணைவியாருக்கோ டில்லி எண்தான் வேண்டும்: "பதினைந்து வருஷம் இருந்தாச்சு. இன்னும் நாம யாத்திரிகரா?" அம்மா மட்டும், "தஞ்சாவூர் நம்பரே கேட்டுப் பாரேன்" என்றார். வண்டி எங்கு இருக்கிறதோ அந்த மாநிலத்தில்தான் பதிவு என்பதை அவருக்கு விளக்கினோம். "பெட்டியிலே ரெடியா இருக்கேடா" என்றார்.

மகள் அதுவரை பேசவில்லை. தமிழ்நாட்டுக் கல்லூரிக்கும் விண்ணப்பித்துப் பார்ப்போமே என்று அந்த வேனிலில் முயன்றிருந்தோம். வெளி மாநிலத்தில் படித்த பிள்ளைகள் பிறப்பிடச் சான்று கொண்டுவர வேண்டும். அவளுடைய தமிழ் அதற்குச் சான்றாகாது. தாத்தாவின் காகிதங்களைத் தேடி, இரண்டு முறை ஊருக்குப் போய், அலுவலக வாசல்களில் நின்றோம். காலம் கடந்துவிட்டது. கடைசியில் டில்லியிலேயே இடம் கிடைத்துச் சேர்ந்தாள். "நான் எந்த ஊர்னு நிரூபிக்கவே இவ்வளவு அலைச்சல். வண்டிக்காவது அந்தத் தொல்லை வேண்டாமே அப்பா" என்றாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. பி.எச். என்று விண்ணப்பித்தோம், அரசு ஊழியர் பெயரில்தான் கிடைக்கும் என்பதால் வண்டி நம் பெயரில்.

2019 ஏப்ரல் முதல் நாளிலிருந்து பலகையைப் பூட்டித் தருவது விற்பவர் கடமை. அலுமினியத் தகடு, ஓரத்தில் அசோகச் சக்கர முத்திரை, நீலத்தில் நாட்டின் பெயர்ச் சுருக்கம், லேசரால் பொறித்த தனி எண். திருகாணி கிடையாது, ஒருமுறை அழுத்தினால் பூட்டிக்கொண்டு, உடைத்தாலன்றிக் கழலாத ஆணி. பையன் பூட்ட வந்தபோது அம்மா தாள் மடிப்பைப் பிரித்து நீட்டினார். நான்கு டியூப் வட்டங்களில் இரண்டு இறுகி நொறுங்கியிருந்தன. அவன் சிரிக்கவில்லை. தேறிய இரண்டையும் பின்பலகைக்குப் பின்னால் கொடுத்து ஆணியை அழுத்தினான், 'டக்' என்றது. குங்குமம் வைக்கப் போன அம்மாவிடம், எண்ணின்மேல் வைத்தால் அபராதம் என்று சொல்லி, மட்கார்டைக் காட்டினான்.

அன்று மாலை குடியிருப்பின் வாயிற்காவலர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். தர்பங்காவிலிருந்து வந்தவர். ஆறு ஆண்டுகளாக நமக்கு ஒரு வணக்கத்துக்கு மேல் தராதவர், முகம் மலர்ந்து, "சாப், நீங்கள் பீகாரா? எந்த ஜில்லா?" என்று இந்தியில் கேட்டார். பீகாருக்கு எழுத்து பி.ஆர். என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. மகள்தான் பதில் சொன்னாள்.

"தஞ்சாவூர் ஜில்லா."

அவர் சற்று யோசித்தார். "கங்கைக்கு அந்தப் பக்கமா?"

"அந்தப் பக்கந்தான் பையா. ரொம்ப தூரம்" என்றாள்.