கட்டிலோடு கட்டப்படும் கைகள்

2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை முற்றாகத் தடை செய்தது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லையென்றால் மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு நோயாளியைக் கட்டுப்படுத்தலாம். ஆள் பற்றாக்குறையைக் காரணம் சொல்லக் கூடாது. இந்த ஒரு வரிக்காகவே அதை எழுதியவர்களைக் கும்பிடலாம்.

சாதாரண ஆஸ்பத்திரிகளின் பொது வார்டுகளில் என்ன நடக்கிறது? எங்கள் ஜெயங்கொண்டத்துப் பெரியப்பா ராத்திரி டிரிப்ஸைப் பிடுங்குகிறார் என்று ஓர் ஆஸ்பத்திரியில் கையைத் துணியால் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். காய்ச்சலில் புத்தி தடுமாறியவருக்குப் பயம்தான் கூடும். இன்னும் திமிறுவார், தோல் புண்ணாகும். கண்ணாடியைப் போட்டுவிடுங்கள், காது மெஷினை மாட்டிவிடுங்கள், தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் உட்காரட்டும். பாதிப் பேர் அதிலேயே அடங்கிவிடுவார்கள் என்றே நினைக்கிறேன்.

கட்டியே தீர வேண்டுமென்றால் ஏன், எவ்வளவு நேரம், எப்போது அவிழ்ப்பீர்கள் என்று கேளுங்கள். வார்டு முழுக்க ஒரே நர்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் அவர்மேல் கோபப்படாதீர்கள். கூடுதல் ஆள் போடச் சொல்லி மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.