மூச்சை அடக்காதே

தங்காக்கில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் லேடாங் மலை தெரியும். 1,276 மீட்டர். ஜொகூர் மாநிலத்தில் அதைவிட உயரமான இடம் கிடையாது. மலையில் மேகம் இறங்கியிருந்தால் அம்மா துணி காயப்போட யோசிப்பார். எங்களுக்கு அந்த மலையால் ஆன உபயோகம் அவ்வளவுதான். முப்பது வயதுவரை நான் அதில் ஏறியதில்லை. வாசலிலேயே இருப்பதற்கு யார் அவசரப்படுவார்கள்?

ஜொகூர் பாருவில் கூடத் தங்கியிருக்கும் நண்பன்தான் அந்தத் திட்டத்தைப் போட்டான். "ஒரே வாரக்கடைசி மச்சான். வெள்ளி, சனி கடலுக்கு அடியில. ஞாயித்துக்கெழம லேடாங் உச்சியில. ஜொகூரோட அடியும் நுனியும்." மைனஸ் 30, பிளஸ் 1,276 என்று புகைப்படத்துக்குக் கீழே போடவேண்டிய வரிகூடத் தயார். நான்கு பேர் கிளம்பினோம்.

மெர்சிங் படகுத்துறையில் கடலேற்றம் வந்தால்தான் படகு நகரும். அங்கே கடிகாரத்தைவிடத் தண்ணீருக்குத்தான் மரியாதை. தயாங் தீவுக்கு எங்கள் படகில் நான்கு மணி நேரம் ஆனது. நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் இந்தத் தீவுகளுக்குப் போக்குவரத்து ஏறக்குறைய நின்றுவிடும். நாங்கள் போனது ஜூன் மாதம். கடல் கண்ணாடியாகக் கிடந்தது.

ஏற்கெனவே 18 மீட்டர்வரை இறங்கும் சான்றிதழ் என்னிடம் இருந்தது. இது அடுத்த படி. 30 மீட்டர்வரை போகும் பயிற்சி. எங்கள் பயிற்றுநர் மெர்சிங்கைச் சேர்ந்த மலாய்க்காரர். அதிகம் பேசமாட்டார். முதல் நாள் வகுப்பில் கற்றுக்கொடுத்த அதே விதியைத்தான் மறுபடியும் சொன்னார். மூச்சை அடக்காதே. ஏறும்போது ஒருபோதும் அடக்காதே.

காரணம் எளிய கணக்கு. கரையில் நம்மேல் ஒரு மடங்கு அழுத்தம் இருக்கிறது. கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் இன்னொரு மடங்கு கூடும். 30 மீட்டரில் நான்கு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டே மேலே வந்தால், அது நான்கு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரலுக்கு அவ்வளவு இடம் கிடையாது. இதில் வேடிக்கை, ஆபத்து ஆழத்தைவிட மேல்மட்டத்தில்தான் அதிகம். கடைசிப் பத்து மீட்டரில் மட்டும் காற்று இரண்டு மடங்காகிறது.

இதெல்லாம் தெரிந்துதான் இறங்கினேன். சனிக்கிழமை காலை பத்து மணி. முதலில் சிவப்பு போனது. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். நண்பனின் சிவப்புக் காலணி பழுப்பாகி, பிறகு சாம்பலாகியது. கையில் கட்டிய கணினி 27 மீட்டர் என்று காட்டியபோது தலையை நிமிர்த்திப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. எட்டு ஒன்பது மாடி உயரத்துக்குத் தண்ணீர். வெளிச்சம் எங்கோ ஒரு தட்டு போலத் தெரிந்தது.

மாஸ்க் ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் கசிந்தது. அதை வெளியேற்றப் பத்து தடவையாவது பழகியிருக்கிறேன். ஆனால் கை வரவில்லை. மூச்சு சின்னச் சின்னதாக, வேகமாக ஓடியது. டேங்கில் காற்று இருந்தது, வாயில் வந்துகொண்டும் இருந்தது, எனக்கு மட்டும் அது போதவில்லை. அடுத்து நான் செய்தது எனக்கு நினைவில்லை. பிறகு சொன்னார்கள். காலை உதைத்து நேராக மேலே போக ஆரம்பித்திருக்கிறேன்.

நினைவிருப்பது, யாரோ என் காலைப் பிடித்தது. பயிற்றுநர். காலில் தொடங்கி இடுப்பு வாரைப் பிடித்து என் முகத்துக்கு நேராக வந்துவிட்டார். தன் வாயிலிருந்து குமிழிகள் வெளியேறுவதைக் கையால் சுட்டிக்காட்டினார். விடு, விடு என்று அர்த்தம். நான் விட்டேன். அப்போதுதான் அதுவரை அடக்கிவைத்திருந்தேன் என்பதே தெரிந்தது.

ஐந்து மீட்டரில் என்னைக் கயிற்றைப் பிடிக்கச்சொல்லி நிறுத்தினார். வழக்கமாக மூன்று நிமிடம். எனக்கு இன்னும் அதிக நேரம். அந்த நேரம் முழுவதும் என் வாரை விடவே இல்லை.

படகில் ஏறியதும் நண்பர்கள் கேட்டார்கள். "மாஸ்க் லீக்" என்றேன். பயிற்றுநர் என்னைத் தனியாக அழைத்தார். மூட்டுவலி, மரத்துப்போதல், தலைசுற்றல் எது வந்தாலும் உடனே சொல்ல வேண்டும். நிறையத் தண்ணீர் குடி. இனி டைவ் வேண்டாம். "மலை?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை. "மலையும் வேண்டாம். அது எங்கயும் போயிடாது" என்றார் மலாயில்.

பல முறை டைவ் செய்தவர்கள் விமானம் ஏற 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். அது உயரமான மலைக்கும் பொருந்தும். அழுத்தத்தில் இருக்கும்போது நைட்ரஜன் வாயு இரத்தத்திலும் சதையிலும் கரைந்துகொள்கிறது. மெதுவாக மேலே வந்தால் மூச்சோடு வெளியேறிவிடும். வேகமாக வந்தால், சோடாப் புட்டியைத் திறந்ததுபோல உள்ளேயே குமிழி கட்டும். மற்ற மூவருக்கும் ஞாயிறு அதிகாலையிலேயே 18 மணி நேரம் முடிந்துவிட்டது. அவர்கள் ஏழு மணிக்கு மலைக்குப் போனார்கள். நான் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். வயிற்றுவலி என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். சீரகத் தண்ணீர் வந்தது.

அன்று முழுக்கக் கைப்பேசியில் இதைப் பற்றித்தான் படித்தேன். நியூயார்க்கில் புரூக்ளின் பாலம் கட்டியபோது, 1870களின் தொடக்கத்தில், ஆற்றின் அடியில் பெரிய பெட்டிகளை இறக்கி, உள்ளே அழுத்தக் காற்றை அடைத்து, தொழிலாளர்களை மண் வெட்டவைத்தார்கள். வேலை முடிந்து மேலே வந்தவர்கள் மூட்டுவலியில் சுருண்டார்கள். சிலர் செத்தார்கள். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே படுக்கையில் விழுந்தார். ஏன் என்று அப்போது யாருக்கும் சரியாகப் புரியவில்லை. ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆடுகளை அழுத்த அறையில் வைத்து ஆராய்ந்து, படிப்படியாக நின்று நின்று மேலே வரும் முறையைத் தன் சகாக்களோடு 1908இல் வெளியிட்டார். இன்றைய அட்டவணைகள் எல்லாம் அங்கிருந்து வளர்ந்தவை. அதே மனிதர் 1911இல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையுச்சியில், 4,300 மீட்டரில், வாரக்கணக்கில் தங்கி, உயரத்தில் மூச்சு என்ன ஆகிறது என்றும் பார்த்தார். அவருக்கு ஆழமும் உயரமும் ஒரே கேள்வியின் இரண்டு முனைகள்.

நானும் ஒரு கணக்குப் போட்டேன். லேடாங் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. தண்ணீர்க் கணக்கில் மாற்றினால் ஒன்றரை மீட்டர்கூட வரவில்லை. என் வாசலை மறைத்துக்கொண்டு நிற்கும் அவ்வளவு பெரிய மலை, கடலில் என் கழுத்தளவுத் தண்ணீர்.

சாயங்காலம் அப்பா கடையிலிருந்து வந்தார். தங்காக் துணிக்கடைகளுக்குப் பேர்போன ஊர். அதில் ஒன்றில் அப்பா இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாகத் துணி கிழித்துக்கொடுக்கிறார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தவர், "வயித்துவலி இல்லதானே?" என்றார்.

எனக்கு மறைக்கத் தோன்றவில்லை. 27 மீட்டர், மாஸ்க், உதைத்தது, கால் பிடித்தது எல்லாம் சொன்னேன். அப்பா குறுக்கே பேசவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டார்.

"புடிச்சவரு திட்டுனாரா?"

"இல்லப்பா."

"நல்ல மனுசன்."

பிறகு அவர் கதையைச் சொன்னார்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய சண்டை உண்டு. தொண்ணூறுகளின் நடுவில் அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போனார். ஜொகூர் பாருவில் அறை எடுத்து, விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிப் போகிற கூட்டத்தில் ஒருவர். மூன்றே மாதத்தில் திரும்பி வந்துவிட்டார். முதலாளி சம்பளத்தில் ஏமாற்றுகிறான் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா நம்பவில்லை. பணம் முடையாகும் ஒவ்வொரு மாதமும் "சிங்கப்பூரு வெள்ளிய வேணாம்னு வந்த மனுசன்" என்ற வாக்கியம் எங்கள் வீட்டில் ஒலிக்கும். சோம்பேறித்தனம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பதின்ம வயதில் ஒருமுறை அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியும் இருக்கிறேன்.

"பதினேழாவது மாடி" என்றார் அப்பா. "சாரப்பலகையில நடந்துக்கிட்டே இருந்தேன். ரெண்டு மாசமா நடந்த பலகைதான். திடீர்னு காலு நின்னுபோச்சு. முன்னாடியும் போகல, பின்னாடியும் போகல. கம்பியக் கட்டிப்புடிச்சி ஒக்காந்துட்டேன். கீழ இருந்து மண்டோர் கத்துறான். எல்லாரும் சிரிக்கிறானுங்க. புதுக்கோட்டக்காரப் பையன் ஒருத்தன் வந்தான். என்னைவிடச் சின்னவன். 'அண்ணே, கீழயும் பாக்காதீங்க, மேலயும் பாக்காதீங்க. உங்க கைய மட்டும் பாருங்க'ன்னான். இடுப்பப் புடிச்சி ஒவ்வொரு படியா எறக்கினான். ஒரு மணி நேரம் ஆச்சு. மறுநாளு போனேன். லிப்ட்டுகிட்ட நிக்கிறேன், ஏற முடியல."

"அம்மாகிட்ட ஏன் சொல்லலப்பா?"

"என்னான்னு சொல்றது? பயந்து வந்துட்டேன்னா?"

வாசலில் இருட்டிவிட்டது. நண்பர்கள் உச்சியிலிருந்து எடுத்த படங்கள் என் கைப்பேசியில் வந்து விழுந்துகொண்டே இருந்தன. நான் திறக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு நண்பனோடும் வழிகாட்டியோடும் சாகில் பக்கமிருந்து லேடாங் ஏறினேன். நுழைவாயிலில் பையைத் திறந்து, உள்ளே கொண்டுபோகும் நெகிழிப் புட்டி, மிட்டாய்த்தாள் எல்லாவற்றையும் எண்ணிக் குறித்துக்கொண்டார்கள். திரும்பும்போது அதே எண்ணிக்கை இருக்க வேண்டும். அருவியை ஒட்டிப் படிகள், பிறகு வேர்கள், பிறகு கயிறு. 1854இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் இந்த மலையில் ஏறியிருக்கிறார். தாகத்துக்குக் குடுவைச் செடிகளில் தேங்கிய, பூச்சிகள் நிறைந்த நீரைக் குடித்ததாக எழுதியிருக்கிறார். எங்களிடம் எண்ணப்பட்ட ஆறு புட்டிகள் இருந்தன.

உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பெரிய பாறை. செங்குத்தாக ஏணி வைத்திருந்தார்கள். நடு ஏணியில் காற்று அடித்தது, மேகம் விலகியது, கீழே செம்பனைத் தோட்டங்கள் பச்சைப் பாய் மாதிரி தெரிந்தன. கால் நின்றுவிட்டது. கடலில் எனக்கு வந்தது இதேதான். அங்கே அழுத்தம் நான்கு மடங்கை நெருங்கியிருந்தது. இங்கே ஒன்றைவிடக் குறைவு. உள்ளே எந்த வித்தியாசமும் இல்லை. மூச்சு சின்னதாக ஓட ஆரம்பித்தது.

கையைப் பார்த்தேன். வலது கை, விரல் இடுக்கில் சேறு. இடது கை. ஒரு படி. மூச்சை விட்டேன். இன்னொரு படி. பின்னால் வந்த குழு காத்திருந்தது. "அவசரம் இல்ல, பெலான் பெலான்" என்றார் வழிகாட்டி. மெதுவாக, மெதுவாக. கடலில் எங்கள் பயிற்றுநர் அடிக்கடி சொல்லும் வார்த்தையும் அதுதான்.

உச்சியில் சிக்னல் இருந்தது. அப்பாவை அழைத்தேன்.

"ஏறிட்டியா?"

"ஏறிட்டேன்ப்பா. ஏணியில கொஞ்ச நேரம் நின்னுட்டேன்."

"எல்லாரும்தான் நிப்பாங்க" என்றார். பிறகு, "எறங்கும்போது பாத்து வா" என்றார்.

அன்றிரவு சாப்பிடும்போது அம்மா மலையைப் பற்றி விசாரித்தார். ஏணியில் நின்றதைச் சொன்னேன். அப்படியே கடலில் நடந்ததையும் சொன்னேன். அம்மா கரண்டியை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துப் பார்த்தார், ஏதோ இப்போதுதான் கரையேறினவன் மாதிரி. "இவ்ளோ பயத்த வச்சிக்கிட்டு வயித்துவலின்னு சொன்னியாடா?" என்றார்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"எனக்கும் ஒரு தடவ அப்படி ஆச்சு," என்றார். "சிங்கப்பூர்ல."

அம்மா அவர் பக்கம் திரும்பினார். நான் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அங்கே குழாயைத் திறக்காமல் நின்றேன். அப்பா மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தினார், திரும்பவும் பேசினார். அம்மா ஒரு வார்த்தையும் குறுக்கே சொல்லவில்லை.

இதை எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "மண்டோர் பேர மட்டும் போடாத" என்றார்.