செவன்ஸ்காரர்

கருங்கல் சந்திப்பில் மார்த்தாண்டம் பேருந்து வந்து நிற்கிறது. இறங்குகிறவர் முதலில் இடது காலை ஊன்றுகிறார். வலது கால் படியில் ஒரு கணம் தயங்கிவிட்டுப் பிறகு மெல்லத் தரைக்கு வருகிறது. தோளில் நீளமான பை. அதன் பக்கவாட்டு வலையில் செருகிய பூட்ஸின் குமிழ்களுக்கு இடையே வயல் மண் காய்ந்து ஒட்டியிருக்கிறது. வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும்.

தேங்காப்பட்டணம் பேருந்துக்கு நேரம் இருக்கிறது போலும். சாயாக்கடைக்கு வந்து எனக்கு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கட்டன் சொல்கிறார். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு பேன்ட்டின் வலது காலை முழங்காலுக்கு மேல் சுருட்டுகிறார். எலாஸ்டிக் கட்டைத் தளர்த்தி, வீங்கிய இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறார். முறிவெண்ணெய் வாசனை என் பெஞ்சு வரை வருகிறது.

பள்ளிக்கூடப் பையன்கள் நாலைந்து பேர் சாலையைக் கடந்து ஓடி வருகிறார்கள். பேன்ட் சட்டென்று கீழே இறங்கிவிடுகிறது.

“அண்ணா, எப்ப வந்திய?”

“இப்பத்தான் மக்களே.”

“ஜெயிச்சியளா?”

“செமியில போச்சு.”

“நீங்க கோல் அடிச்சியளா?”

“ஒண்ணு.” அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் இளமையாகிவிடுகிறது. பையன்களுக்கும் சாயா சொல்கிறார்.

பேச்சு முழுக்க மலப்புறத்துச் செவன்ஸ் கால்பந்து. குழித்துறையில் விடியற்காலைப் பரசுராம் எக்ஸ்பிரஸ் ஏறினால் பிற்பகலில் திரூர். அங்கிருந்து எந்த ஊரில் ஆட்டமோ அந்த ஊருக்கு ஜீப். அறுவடை முடிந்த வயலில் கமுகுத்தடியும் மூங்கிலும் கட்டி எழுப்பிய காலரி. ராத்திரி விளக்கொளியில் ஆட்டம். நவம்பர் வாக்கில் தொடங்கி மழை வரும்வரை மலபார் முழுக்க இப்படித்தான். அணிக்கு ஏழு பேர், பொதுவாக ஒரு மணி நேரம். மைதானம் சிறியது. அதனால் ஓடி மூச்சுவிட இடம் கிடையாது. பந்து காலுக்கு வந்த நொடியே திரும்பியாக வேண்டும். அந்தத் திருப்பத்தில்தான் முழங்கால் தசைநார் போகிறது. எதிரில் நிற்பவர் கானாவிலிருந்தோ ஐவரி கோஸ்டிலிருந்தோ வந்த ஆறடி வாலிபராக இருக்கலாம். இன்று ஒரு அணியின் சட்டை, நாளை இன்னொன்று. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் அங்கீகாரம் இந்த ஆட்டத்துக்கு இல்லை. அன்றன்றைக்கு ஆடினால் அன்றன்றைக்குப் பணம். ஆடாத நாளுக்கு ஒன்றுமில்லை.

பையன்களில் ஒருவன் சூசைராஜ் பேரை எடுக்கிறான். எடுக்காமல் இருப்பானா? தேங்காப்பட்டணத்தில் ஆற்றைத் தாண்டினால் இரையுமன்துறை, அதற்கப்பால் இரவிபுத்தன்துறை. மைக்கேல் சூசைராஜும் அவர் அண்ணன் மைக்கேல் ரெஜினும் பந்து உதைத்துப் பழகிய கடற்கரை அது. சூசைராஜும் கிளப் கிளப்பாகப் போனவர்தான்: சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், ஏடிகே, ஒடிஷா. 2019-இல் கிங்ஸ் கோப்பைக்கான இந்திய அணியில் இருந்தார். 2020 மார்ச்சில் ஏடிகே இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பையை வென்றபோது அண்ணன் தம்பி இருவருமே அந்த அணி. கடலை நம்பிய ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர்! அதே ஆண்டு நவம்பர் 20, புதிய பருவத்தின் முதல் ஆட்டம், ஏடிகே மோகன் பாகன் என்றாகிவிட்ட அதே அணி கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக. ஆட்டம் சூடுபிடிக்கும் முன்பே சூசைராஜின் முழங்கால் போனது. அந்தப் பருவம் முழுக்க அவர் வெளியே.

“அந்த அண்ணனுக்கும் முட்டுதானே?” என்று கேட்கிறான் பையன்.

இவர் தலையை மட்டும் அசைக்கிறார். கை, தன்னை அறியாமல், மேஜைக்கு அடியில் வலது முழங்காலைத் தேடிப் போகிறது.

பெரிய கிளப்பில் ஒப்பந்தம் இருந்தால் டாக்டர் உண்டு, பிசியோ உண்டு, காத்திருக்கக் காலம் உண்டு. இவருக்கு வர்ம ஆசான் இருக்கிறார். எங்கள் குமரி மாவட்டத்து ஆசான்களின் கையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். எத்தனையோ பேரை நடக்க வைத்த கைகள் அவை. ஆனால் கட்டுப் போட்டால் கால் ஓய்வு கேட்கும். ஓய்வு எடுத்தால் அடுத்த அழைப்பு வேறொருவருக்குப் போய்விடும்.

“இனி கடலுக்குப் போவியளா அண்ணா?” என்று கேட்கிறான் கடைசிப் பையன். இரவிபுத்தன்துறையும் சேர்ந்த தூத்தூர் வட்டாரத்தில் அது சாதாரணக் கேள்வி. சுறா தேடி வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கும் ஊர்கள் அவை. பந்து கைவிட்டால் படகு. இவர் பதில் சொல்லவில்லை.

கைபேசி அடிக்கிறது. எழுந்து கடை ஓரமாகப் போகிறார். மலையாளம். நாளை மறுநாள் ஒரு ஆட்டம். ஆள் குறைகிறது போலிருக்கிறது. “குழப்பமில்ல, ஞான் வராம்” என்கிறார். குரலில் கொஞ்சமும் வலி இல்லை. பேசி முடித்ததும் கடைச் சுவரில் கையூன்றி, வலது காலை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்க்கிறார். முழுதாக மடங்கவில்லை.

பேருந்து வருகிறது. எல்லோருக்குமான காசைக் கொடுத்துவிட்டு, பையன்கள் பார்க்க, நேராக நடந்து போய் ஏறுகிறார். இருபது வருடமாக ஒவ்வொரு ராத்திரியும் வேறு வேறு ஊர்க்காரர்களைக் காலரியில் எழுந்து நிற்க வைத்த கால்கள். வருங்கால வைப்பு நிதி இல்லை, காப்பீடு இல்லை, ஆடினார் என்பதற்கு ஒரு சான்றிதழ்கூட இல்லை. இது அநியாயம்.

திருவிழாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் நம் ஊர்களில் பந்தாட்டப் போட்டி நடத்துகிற மன்றத்துத் தம்பிகளே, கோப்பையின் உயரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் பணத்தில், ஆட வருகிறவர்களுக்குக் காயச் சிகிச்சைக்கென்று ஒரு நிதி வையுங்கள். முடிந்தால் விபத்துக் காப்பீடும் எடுத்துக் கொடுங்கள். ஆட முடியாமல் போனவர்களைக் கூப்பிட்டு உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லுங்கள், சம்பளத்தோடு.